குடிய விட்டவங்களுக்கான 8 வார யோகா தியான கிளாஸ், ஒரு வருஷம் கழிச்சு எழுதற ரிவ்யூ

குடிய விட்டு 5 மாசம் ஆனப்போ சேர்ந்தேன். எட்டு வாரமும் முடிச்சு இப்போ ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. முடிச்ச சூட்டோட எழுதியிருந்தா எல்லாமே சூப்பர்னு எழுதியிருப்பேன், அதனாலதான் காத்திருந்தேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது குடிய நிறுத்தறதுக்கான கிளாஸ் இல்ல, நிறுத்தினவங்க அப்படியே நிலைச்சு இருக்கறதுக்கான கிளாஸ். தினமும் நிறைய குடிக்கறவங்க யோகாவ நம்பி வீட்டுலயே திடீர்னு நிறுத்திடாதீங்க ப்ளீஸ். கடைசியா குடிச்சு 6 மணி நேரத்துலேந்து 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம், 2, 3 நாள் கழிச்சு உடம்பெல்லாம் நடுங்கி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியற அளவுக்குப் புத்தி குழம்பலாம், உயிருக்கே ஆபத்து. அதுக்கு டாக்டர்தான். நானும் டீடாக்ஸ், அதாவது டாக்டர் மேற்பார்வையில குடிய நிறுத்தற சிகிச்சை, முடிச்சு கவுன்சிலர் சொல்லித்தான் இங்க வந்தேன். இவங்க கேட்ட முதல் கேள்வியே கடைசியா எப்போ குடிச்சீங்க, என்ன மருந்து எடுக்கறீங்கன்னுதான், அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. ஏன்னா முன்னாடி போன வேற ஒரு எடத்துல தியானம் பண்ணினா மாத்திரையெல்லாம் விட்டுடலாம்னு சொன்னாங்க, அன்னிக்கே வெளிய வந்துட்டேன்.

வாரம் ஒரு நாள் 2 மணி நேரம் கிளாஸ், வீட்டுல தினமும் அரை மணி நேரம் நாமளே பண்ணணும். அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஆலன் மார்லட், சாரா போவன், நேஹா சாவ்லாங்கற உளவியல் ஆராய்ச்சியாளர்கள், விட்டவங்க திரும்பக் குடிக்கு போகாம இருக்கறதுக்காக உருவாக்கின தியான முறைய வச்சுத்தான் நடத்தறாங்க, கூட ஆசனமும் மூச்சுப்பயிற்சியும். 2014ல 286 பேர வச்சு இதப் பத்தி ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு. 6 மாசத்துல பாத்தா, வழக்கமா சொல்லித்தர்ற ரிலாப்ஸ் (திரும்பப் பழக்கத்துக்குப் போறது) தடுப்புப் பயிற்சிய விட இது பெருசா ஒண்ணும் ஒசத்தி இல்ல, ஒரு வருஷம் ஆனப்போதான் தியானம் கத்துக்கிட்டவங்க போதைப்பொருள் எடுத்த நாளும், அளவுக்கு மீறிக் குடிச்சதும் கொறைவா இருந்துச்சு. எனக்கும் அப்படித்தான், மெதுவாத்தான் வேலை செஞ்சுது.

இதுல எனக்குக் கெடச்ச பெரிய விஷயம், குடிக்கணும்னு வர்ற அந்த வெறிய அலை மாதிரி பாக்கக் கத்துக்கிட்டது. மார்லட் சொன்னதுதான் இது. அலைய எதிர்த்து நிக்காத, அது மேல மிதந்துக்கிட்டே இரு, ஏறும், உச்சிக்குப் போகும், தானா எறங்கும். கேக்கறப்போ நல்லாத்தான் இருந்துச்சு, நம்பல. ஆறாவது வாரம் ஒரு நாள் அண்ணன்கூட போன்ல பெரிய சண்டை, போன வச்ச உடனே கால் தானா வாசலுக்குப் போகுது. செருப்ப மாட்டிக்கிட்டு அப்படியே படியில உக்காந்துட்டேன். வாயில எச்சி ஊறுது, தாடை இறுகிப்போச்சு, நெஞ்சுல ஒரு சூடு, இதத்தான் ஒண்ணொண்ணா பாத்துட்டு இருந்தேன், மூச்ச 4 எண்ணி உள்ள இழுத்து 6 எண்ணி வெளிய விட்டு. ஒரு கட்டத்துல தாங்கவே முடியாதுன்னு தோணுச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுது. அரை மணி நேரம் இருக்கும். செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து அழுதேன். அத்தன வருஷத்துல அந்த ஆசை குடிக்காமலே எறங்கி நான் பாத்ததே இல்ல.

ஆசனம் சுமார்தான், உடம்பு வளையாதவங்களும் பண்ணலாம். சவாசனம் போட்டப்புறம் தூக்கம் நல்லா வந்துச்சு, குடிய விட்டவங்களுக்குத் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

கொறைன்னா, ரெண்டாவது வாரமே கபாலபாதி வச்சது தப்பு. வேகமா மூச்சு விட்டதுல கார்பன் டை ஆக்சைடு கொறைஞ்சு விரல் மரத்துப்போய் தல சுத்தி நெஞ்சு படபடன்னு அடிச்சுது, குடிய நிறுத்தின மொத நாள் திரும்ப வந்த மாதிரி பயந்துட்டேன். இன்னொண்ணு, கண்ண மூடி உடம்ப ஒவ்வொரு எடமா கவனிக்கச் சொன்னப்போ கூட இருந்த ஒருத்தங்களுக்குப் பழைய கொடுமையெல்லாம் ஞாபகம் வந்து எழுந்து போயிட்டாங்க. கண்ணத் தொறந்துகிட்டே பண்ணலாம்னு அதுக்கப்புறம்தான் சொன்னாங்க, அத மொத நாளே சொல்லியிருக்கணும்.

கிளாஸ் முடிஞ்சு 4 மாசத்துல நான் ஒரு தடவ வழுக்கிட்டேன், அதையும் மறைக்கல. டாக்டரப் பாத்துட்டு மறுநாள் டீச்சருக்கு போன் பண்ணினேன். ஏன் குடிச்சீங்கன்னு கேக்கல, குடிக்கறதுக்கு முன்னாடி உடம்புல எங்க மொதல்ல தெரிஞ்சுதுன்னு கேட்டாங்க. தாடைன்னேன். அன்னிலேந்து தாடை இறுகினா கைவேலைய விட்டுட்டு உக்காந்துடுவேன்.

5க்கு 4 குடுப்பேன். பழைய ஆளுங்களுக்கு மாசம் ஒரு நாள் ஒண்ணா உக்கார எடம் தர்றாங்க, இன்னும் போயிட்டுத்தான் இருக்கேன்.