சேனல் சண்டை: பஞ்சாயத்து முடியும்வரை படம் ஓடுமா?

சேனல்காரர் கேட்கும் விலை கேபிள்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. அல்லது சேனலின் முதலாளியே ஒரு கேபிள் கம்பெனியும் நடத்துகிறார், போட்டியாளருக்குச் சிக்னல் தர அவருக்கு மனமில்லை. எதுவானாலும் படம் நின்றுபோவது மாதாமாதம் பணம் கட்டும் வீட்டில்தான். இந்தச் சண்டைக்கு அமெரிக்கா சில வழிகளை முயன்று பார்த்திருக்கிறது. இந்தியா வேறு பாதையில் போனது. எது மேல் என்று பார்க்க நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தீர்ப்பு வரும்வரை படம் ஓடுமா?

முதல் வழி, ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார். 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு கேபிள் சட்டம் போட்டது. அதிபர் புஷ் (அப்பா புஷ்) அதை நிராகரித்தும், அதையும் மீறி நிறைவேற்றினார்கள். கேபிள் கம்பெனிக்குச் சொந்தமான சேனல் செயற்கைக்கோள் வழியாக வந்தால், வீட்டு டிஷ் வழியாகச் சேனல் தரும் கம்பெனிகள் உட்பட எல்லாப் போட்டியாளருக்கும் அதைத் தரவேண்டும், மறுத்தால் எஃப்.சி.சி.யிடம் (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) போகலாம். நல்ல சட்டம்தான். ஆனால் 'செயற்கைக்கோள் வழியாக' என்ற சொல்லில் ஓட்டை இருந்தது. பிலடெல்பியாவில் காம்காஸ்ட் என்ற கேபிள் கம்பெனி தன் விளையாட்டுச் சேனலைத் தரைவழிக் கம்பியில் அனுப்பியது. சட்டம் அதைத் தொடவில்லை. டைரக்டிவி, டிஷ் என்ற இரண்டு செயற்கைக்கோள் டிவி கம்பெனிகளின் சந்தாதாரர்களுக்கு உள்ளூர் ஆட்டங்கள் கிடைக்காமல் போயின.

2010 ஜனவரியில்தான் எஃப்.சி.சி. அந்த ஓட்டையை அடைத்தது. அதற்குள் நியூயார்க்கில் இன்னொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிக்ஸ் கூடைப்பந்தும் ரேஞ்சர்ஸ் ஐஸ் ஹாக்கியும் வரும் எம்.எஸ்.ஜி. சேனலின் எச்.டி. வடிவத்தைக் கேபிள் கம்பெனியான கேபிள்விஷன் தரப்பு, போட்டியாளரான வெரைசனுக்குக் கொடுக்கவில்லை. மங்கலான சாதாரண வடிவம் மட்டும் கிடைத்தது. வெரைசன் 2009-இல் புகார் கொடுத்தது. 'கொடு' என்று உத்தரவு வந்தது 2011 செப்டம்பரில். இடையில் இரண்டு சீசன் முழுதாக முடிந்துவிட்டது. நேற்றைய மேட்சை நாளைக்குப் பார்க்க யார் காசு கொடுப்பார்? போதாக்குறைக்கு, 'ஒருவருக்கு மட்டுமே தருவோம்' என்ற ஒப்பந்தங்களுக்கு அந்த 1992 சட்டம் போட்டிருந்த பொதுத் தடையும் 2012 அக்டோபரில் காலாவதியானது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வழக்காகத்தான் வாதாட வேண்டும்.

இரண்டாவது வழி, எந்த வழியும் இல்லாமல் விட்டுவிடுவது. உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்கள் விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் கேட்பது 'நல்லெண்ணத்தோடு பேசுங்கள்' என்பதைத்தான். 2010 அக்டோபரில் ஃபாக்ஸ் ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் கேபிள்விஷனுக்கும் பேச்சு முறிந்து, சுமார் 30 லட்சம் வீடுகளில் ஃபாக்ஸ் இரண்டு வாரம் வரவில்லை. பேஸ்பால் உலகத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களும் போயின. அப்போது 'நடுவர் வைத்துத் தீர்க்கலாம்' என்று கெஞ்சியது கேபிள்விஷன், மறுத்தது ஃபாக்ஸ். எம்.எஸ்.ஜி. எச்.டி.யைக் கொடுக்க மறுத்து நின்ற அதே கேபிள்விஷன்தான்! கை மாறினால் நியாயமும் மாறுகிறது.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: பேஸ்பால் முறை நடுவர் தீர்ப்பு. பெரிய கம்பெனிகள் இணையும்போது எஃப்.சி.சி. இதை நிபந்தனையாகப் போட்டது. ரூபர்ட் மர்டோக்கின் நியூஸ் கார்ப் டைரக்டிவியை வாங்கியபோதும், 2011-இல் காம்காஸ்ட், சேனல் நிறுவனமான என்பிசி யுனிவர்சலை எடுத்தபோதும் இது இருந்தது. இரு தரப்பும் கடைசி விலையை எழுதிக் கொடுக்கவேண்டும். நடுவர் இரண்டில் ஒன்றை மட்டுமே எடுக்கலாம், நடுவில் வெட்டக்கூடாது. சேனல் ஐந்து டாலர் என்கிறது, கேபிள் இரண்டு என்கிறது, நியாய விலை மூன்று என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பஞ்சாயத்தில் மூன்றரைக்கு முடியும். அது தெரிந்தால் அடுத்த முறை சேனல் எட்டு என்று ஆரம்பிக்கும். ரங்கநாதன் தெருவில் புடவை விலை சொல்வது போலத்தான். பேஸ்பால் முறையில் ஐந்து என்று எழுதினால் தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் சேனலே மூன்றேகாலுக்கு இறங்கி வரும். அதைவிட முக்கியம், நடுவர் முடிவு சொல்லும்வரை பழைய ஒப்பந்தப்படி சேனல் ஓடவேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. வக்கீல், நிபுணர் செலவு தாங்காது என்று சிறு கேபிள்காரர்கள் புலம்பினார்கள். நிபந்தனைகளுக்கு ஆயுளும் குறைவு. காம்காஸ்ட் மீதானது 2018 ஜனவரியோடு முடிந்தது. அதே ஆண்டு தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி, டைம் வார்னரை வாங்கியது; சி.என்.என். உள்ளிட்ட அதன் டர்னர் சேனல்களுக்கு ஏழு ஆண்டுகள் இதே மாதிரி ஏற்பாட்டைத் தானே முன்வந்து அறிவித்திருந்தது.

இனி இந்தியா. இங்கே 2004-லிருந்து டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி தெளிவு: கேட்கிற எல்லாருக்கும் பாகுபாடின்றிச் சிக்னல் தரவேண்டும். தகராறு என்றால் டில்லியில் உள்ள டிடிசாட் தீர்ப்பாயம். அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். விலையைச் சேனல் பகிரங்கமாக அறிவிக்கவேண்டும். டிராயின் 2017 விதிகளை எதிர்த்த ஸ்டார் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் டிராய் பக்கம் முடிந்தது. 'உனக்கு மட்டும் தரமாட்டேன்' என்ற சண்டைக்கு இது அமெரிக்க முறையைவிட எவ்வளவோ தேவலை. டிடிசாட்டுக்கு வருவதில் பெரும்பாலானவை பாக்கிச் சண்டை, சந்தாதாரர் எண்ணிக்கைச் சண்டை.

ஆனால் விதியின் மீதே சண்டை என்றால் டிடிசாட் கைவிரித்துவிடும். டிராய் விதிமுறை செல்லுமா செல்லாதா என்று பார்க்கும் அதிகாரம் அதற்கு இல்லை என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 பிப்ரவரியில் நடந்ததும் அதுதான். டிராயின் புதிய கட்டண விதிப்படியான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், சோனி, ஜீ மூன்றும் சிக்னலை நிறுத்தின. கேபிள் கூட்டமைப்பு கேரள உயர் நீதிமன்றம் உட்படப் பல கதவுகளைத் தட்டியது. பாதிக்கப்பட்டவை 4.5 கோடி வீடுகள் என்பது அவர்கள் தரப்புக் கணக்கு. ஒரு வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டார்கள், படம் வந்தது. சிக்னலை நிறுத்த மூன்று வாரம் முன்னறிவிப்பு போதும் என்கிறது விதி. மூன்று வாரத்தில் எந்த நீதிமன்றம் எதை முடிக்கும்?

பேஸ்பால் முறையை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. ஒரு கேபிள்காரருக்கு நடுவர் விலையைக் குறைத்தால், பாகுபாடு கூடாது என்ற விதிப்படி மற்றவர்களும் அதே விலையைக் கேட்பார்கள். எடுத்துக்கொள்ளக்கூடியது மற்றப் பாதிதான்: வழக்குப் பதிவான நாளிலிருந்து தீர்ப்பு வரை பழைய விலையில் சிக்னல். பாக்கி வைத்தவர் இதைச் சாக்காக வைத்து இழுத்தடிப்பார் என்று சேனல்கள் சொல்லும், அதில் உண்மையும் உண்டு. பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினால்தான் இடைக்காலப் பாதுகாப்பு என்று நிபந்தனை போடுவது டிடிசாட்டுக்குப் பழக்கமானதே. அதையே விதியாக எழுத வேண்டியது டிராய்.