பென்சில் பிடித்த கைக்கு அடுத்து எது: டேப்லெட்டா, வாட்டர்கலரா, லினோவா, களிமண்ணா?

மதுரையில் பென்சில் போர்ட்ரெய்ட் போடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நடிகர் முகம், தலைவர் முகம், கல்யாணப் பரிசாக மாப்பிள்ளை பெண் முகம், மறைந்துபோன தாத்தாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவிலிருந்து பெரிதாக்கிய முகம். போட்டோவில் கட்டம், தாளில் கட்டம், 2பி பென்சிலில் ஆரம்பித்து அதைவிடக் கறுப்பான 8பி-யில் முடித்து, டிஷ்யூ பேப்பரால் தேய்த்து, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். கை ஓரளவு பழகிய பிறகு ஒரு நிலை வரும். முகம் அச்சு அசலாக வந்துவிடும். ஆனால் போன மாதம் போட்டதற்கும் இந்த மாதம் போட்டதற்கும் ஆள்தான் வேறு, படம் ஒன்றுதான். "வேற ஏதாச்சும் பண்ணிப் பாரேன்" என்று யாராவது சொல்வது அப்போதுதான். சரி, எந்த வேறு?

என்னைப் போன்றவர்கள் பேசிக்கொள்ளும்போது நான்கு பதில்கள்தான் திரும்பத் திரும்ப வரும். டேப்லெட் வாங்கி டிஜிட்டலுக்குப் போவது, வாட்டர்கலரை எடுத்துக்கொண்டு தெருவில் உட்காருவது, லினோ வெட்டி அச்சு எடுப்பது, களிமண்ணில் கை வைப்பது. செலவு எவ்வளவு, இடம் எவ்வளவு, வீடு எவ்வளவு அழுக்காகும் என்றுதான் வழக்கமாக ஒப்பிடுவார்கள். அதெல்லாம் முக்கியம்தான், கீழே சொல்கிறேன். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு. பென்சில் போர்ட்ரெய்ட்காரர் மூன்று விஷயங்களில் சாய்ந்து நிற்கிறார்: அசையாத போட்டோ, அழிரப்பர், அவசரமே இல்லாத நேரம். புது வழி இந்த மூன்றில் எதைப் பிடுங்குகிறது? எதையுமே பிடுங்கவில்லை என்றால் நாம் வாங்கியது புதுக் கருவி மட்டும்தான்.

இந்தக் கணக்கில் டேப்லெட் சீக்கிரமே அடிபட்டுப்போகிறது. நல்ல பொருள்தான். சின்ன வீட்டுக்கு வசதி, தூசி கிடையாது, வேலைக்கும் உதவும். விளம்பரப் படம், புத்தக அட்டை என்று வருமானத்துக்குப் போக நினைப்பவர் அதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதில் போட்ட கோட்டை ஒரே தட்டில் இல்லாமல் ஆக்கும் 'அன்டூ' இருக்கிறது. அது ரப்பரைவிடப் பெரிய ரப்பர். லேயர் இருக்கிறது, போட்டோவை அடியில் வைத்து அப்படியே மேலே வரையலாம். சாய்வதற்கு இன்னும் நல்ல சுவர் கிடைக்கிறது, அவ்வளவுதான். நான்கில் விலையும் இதற்குத்தான் அதிகம். கம்ப்யூட்டரோடு இணைத்து வரையும், திரையில்லாத சாதாரண டேப்லெட் என்றால் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று சில வாரம் தடுமாற்றம் இருக்கும். அது பழகியதும் பழைய படங்களே கொஞ்சம் பளபளப்பாக வரும்.

வாட்டர்கலர் நேர் எதிர். அது ரப்பரை முதல் நாளே பிடுங்கிவிடும். வண்ணம் ஒளி ஊடுருவும்படி இருப்பதால் படத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெள்ளைதான். வெளிறியதிலிருந்து அடர்த்திக்குத்தான் போக முடியும், திரும்பி வர வழி கிடையாது. பென்சில்காரர் வெள்ளையைக் கடைசியில் ரப்பரால் 'எடுத்துக்கொள்கிறார்'. இங்கே முதல் தூரிகை வைப்பதற்கு முன்னாலேயே எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும்.

இதைக் கற்க மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். அந்தப் பகுதியின் தூண்களே போதும். வெளிறிய சுதைத் தூண், அதற்குப் பின்னால் நிழல், அதற்கும் பின்னால் இன்னொரு தூண். வாட்டர்கலரில் தூணை வரையத் தேவையில்லை. தூண்களுக்கு நடுவில் இருக்கும் இருட்டை வரைந்தால் தூண் தானாக எழுந்து நிற்கும். பென்சிலில் பல வருஷம் ஷேடிங் போட்டவர்களுக்குக்கூட இது புதுசாக இருக்கும். நிழலுக்குள் உட்கார இடமும் உண்டு. காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஓரமாக உட்காருவது நல்லது.

நிழல் என்று சொன்னது சும்மா இல்லை. மதுரை வெயிலில் வாட்டர்கலர் வேறு விதமாக நடந்துகொள்ளும். வானத்துக்கு ஒரு பட்டை நீலம் இழுத்து, அடுத்த பட்டைக்குத் தூரிகையைத் தொட்டு எடுப்பதற்குள் முதல் பட்டையின் ஓரம் காய்ந்து கோடு விழுந்திருக்கும். குளிர் ஊர்க்காரர்கள் வீடியோவில் சாவகாசமாக ஈரத்தின் மேல் ஈரம் வைப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இங்கே தாளின் இரண்டு பக்கத்தையும் நனைத்துக்கொள்ள வேண்டும், சின்னப் படமாகப் போட வேண்டும், திறந்த வெளியில் என்றால் காலை ஒன்பதுக்குள் கடையைக் கட்ட வேண்டும். காசைப் பெயிண்டில் கொட்டுவதைவிடத் தாளில் போடுவது புத்திசாலித்தனம். கேமல் வண்ணப் பெட்டி ஒன்றே ஆரம்பத்துக்குப் போதும். தாளின் கனம் மட்டும் 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 300 கிராம்) குறையக் கூடாது. பருத்தித் தாள் என்றால் ஈரத்தை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். ஸ்கூல் டிராயிங் நோட்டில் போட்டால் தாள் அப்பளமாகச் சுருண்டுகொள்ளும். குறை நம் கையில் என்று நினைத்து விட்டுவிடுவோம்.

கோபுரம் வரைய ஆசைப்படாதவர் யார்? மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, ஆகவே பெரும்பாலானவர்கள் சித்திரை வீதியிலிருந்துதான் பார்த்து வரைகிறார்கள். தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி உயரம், அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்கள். ஒவ்வொன்றாக வரையப் புகுந்தால் ஆயுசு போதாது. எதை விடுவது என்ற கேள்வியை அந்தக் கோபுரமே கேட்டுவிடுகிறது. ஒவ்வொரு புருவ முடியையும் விடாமல் போட்டுப் பழகிய கைக்கு இதுதான் பெரிய வலி.

அப்புறம் ஜனம். வீட்டில் ஃபேனுக்கு அடியில் வரைந்தவருக்குத் தெருவில் பின்னால் நாலு பேர் நிற்பதே பாதி வேர்வை. "அண்ணே, கோபுரம் கொஞ்சம் ஒல்லியா இல்ல?" என்பார் ஒருவர். "இது எம்புட்டுக்குப் போகும்?" என்பார் இன்னொருவர். பூ விற்கும் அம்மா "ஏப்பா, என்னையும் போடு" என்பார், போட்டுக் கொடுத்தால் "இது நானா?" என்று சிரிப்பார். கூச்சத்தை உடைக்க இதைவிட மலிவான வகுப்பு கிடையாது. ஒல்லி என்று சொன்னவர் பல நேரம் சரியாகத்தான் சொல்லியிருப்பார் என்பது தனி விஷயம்.

லினோவுக்கு வருவோம். லினோலியம் என்பது 1860-களில் இங்கிலாந்தில் தரையில் விரிப்பதற்காக உருவான பொருள். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் செய்வது. அதில் வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, மீதி நிற்கும் மேட்டில் உருளையால் மை தடவி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் அச்சு தயார். பிரஸ் எதுவும் வேண்டாம். படம் இடவலம் மாறி விழும். கையெழுத்தைத் திருப்பிச் செதுக்காவிட்டால் விழுந்த அச்சைக் கண்ணாடியில்தான் படிக்க வேண்டியிருக்கும்.

லினோ பிடுங்குவது ரப்பரை மட்டும் இல்லை, சாம்பல் நிறத்தையே. 2பி-க்கும் 8பி-க்கும் நடுவில் இருக்கும் அத்தனை மென்மையும் போய்விடும். கன்னம் ஒன்று கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. முகத்தில் எது எலும்பு, எது அலங்காரம் என்று அன்றைக்குத்தான் தெரியும். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த முரட்டுக் கறுப்பு வெள்ளை சீக்கிரம் பிடித்துப்போகும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. நம் வெயில் ஒத்துழைப்பதும் இதற்குத்தான். லினோ சூடாக இருந்தால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். குளிர்நாட்டில் அதை ஹீட்டர் பக்கத்தில் வைத்து இளக்குகிறார்கள். நாம் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். உளியை மட்டும் எப்போதும், பலகையைப் பிடித்திருக்கும் கைக்கு எதிர்த் திசையில்தான் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் ரத்தக் கலரில்தான் முதல் அச்சு.

குறை என்ன? இரண்டு. பொருட்களை பெரும்பாலும் ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். இன்னொன்று, போட்டோவை லினோ விடச் சொல்வதில்லை. போனில் கான்ட்ராஸ்டைக் கூட்டி, அதைத் தாளில் எடுத்து, கார்பன் வைத்துப் பலகையில் இறக்கிவிடலாம். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அப்போது யோசிக்கும் வேலையை போன் செய்துவிடுகிறது, நமக்கு வெட்டும் வேலைதான் மிச்சம்.

களிமண்ணிடம் அந்தத் தப்பிப்பு நடக்காது. என் ஓட்டு அதற்குத்தான்.

போட்டோ என்பது ஒற்றைக் கண் பார்த்தது. அதைப் பார்த்தே வளர்ந்த கைக்கு முகத்தின் முன்பக்கம் தெரியும், முகம் தெரியாது. பென்சில்காரர் முதன்முதலில் செய்யும் மண் தலையை எங்கேயும் அடையாளம் கண்டுவிடலாம். நேரே பார்த்தால் அழகாக இருக்கும். லேசாகத் திருப்பினால் மூக்கு சுவரில் அடித்த ஆணி, கண் இரண்டும் ஒட்டுப்பொட்டு, காது கன்னத்துக்கே வந்திருக்கும், பின்மண்டை இருக்கவே இருக்காது. கண் ஓர் உருண்டை, இமை அதைச் சுற்றிப் போகிற தோல், கண்ணின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிடப் பின்னால் தள்ளி இருக்கிறது என்பதெல்லாம் எத்தனை கண் வரைந்திருந்தாலும் மண்ணில் விரல் வைக்கும்வரை உறைக்காது. அதற்கப்புறம் பென்சிலை எடுத்தால் ஷேடிங்கே மாறிவிடும். முன்பு இருட்டாகத் தெரிந்த இடத்தை இருட்டாக்கினோம். இப்போது அந்த இடம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்து இருட்டாக்குவோம். நான்கு வழிகளில், பழைய வேலையையே திருத்தித் தருவது இது ஒன்றுதான்.

நேரே முழுத் தலைக்குப் போகப் பயமாக இருந்தால் நடுவில் ஒரு படி இருக்கிறது: புடைப்புச் சிற்பம். ஒரு பலகைக் களிமண்ணில் பக்கவாட்டு முகம். பாதி ஓவியம், பாதி சிற்பம். இதற்குப் பாடப்புத்தகம் மதுரைப் பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலையிலேயே இருக்கிறது. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. எவ்வளவு குறைந்த ஆழத்தில் ஒரு தோளும் முகமும் வந்துவிடுகிறது என்று பக்கவாட்டு வெயிலில் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் பாதி காணாமல் போய்விடும். கீழடி அருங்காட்சியகம் 2023-இல் திறந்தது. சுடுமண் பொருட்களுக்காகவே ஒருமுறை போய்வரலாம்.

மண் மலிவு. சுடாமல் வைத்துக்கொண்டால் செலவே இல்லை என்று சொல்லலாம்: காய்ந்ததை உடைத்துத் தண்ணீரில் போட்டால் மறுபடி மண். இது ஒருவகை ரப்பர்தானே என்று கேட்கலாம். உண்மைதான். தப்பை எத்தனை தரமும் திருத்த மண் அனுமதிக்கும், ஆகவே இழுத்துக்கொண்டே போகும் நம் பழக்கத்தையும் அது தொடாது. அந்த இரண்டிலும் வாட்டர்கலருக்குத்தான் முழு மதிப்பெண். சுட வேண்டும் என்றால் வேலை கூடும். கெட்டியான தலையைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். உள்ளே குடைந்து, விரல் பருமனுக்குச் சுவர் விட வேண்டும். அய்யனார் கோயில் மண் குதிரைகள் அவ்வளவு பெரிதாக நிற்பதும் உள்ளே கூடாக இருப்பதால்தான். காயவைப்பதிலும் வெயில் எதிரி: வெளித்தோல் முதலில் சுருங்கி விரிசல் விட்டுவிடும். ஈரத்துணி போர்த்தி நிழலில், மெதுவாக. அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு வீட்டில் மண் என்றாலே ஒரு சண்டை நிச்சயம். சிங்க்கில் மட்டும் கையைக் கழுவிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். வாளித் தண்ணீரில் கழுவி, மண் அடியில் படிந்ததும் மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்.

இதெல்லாம் பென்சில்காரருக்கான தீர்ப்பு. கோலம் போடுகிறவர் கேட்டால் வேறு சொல்வேன். அவர் சாய்ந்திருப்பது புள்ளியிலும் சமச்சீரிலும். அவருக்குச் சுங்குடி முடிச்சு, அதாவது துணியில் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது, கட்டிப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய, மதுரை சௌராஷ்டிர மக்களின் அழகான கலை. ஆனால் அதுவும் புள்ளிதானே. கை புதுசாகும், கண் பழைய வீட்டிலேயே இருக்கும். கோலக்காரருக்கு முதல் இடம் வாட்டர்கலர். எதுவும் எதற்கும் ஜோடியாக இல்லாத ஒரு தெருமுனையை வரையச் சொல்லிப் பாருங்கள்.

களிமண் என்று முடிவு செய்தவர்கள் திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரிக்குப் போய் வேலை நடப்பதைப் பார்க்கலாம். கொலு பொம்மையும் பிள்ளையாரும் குடிலும் செய்யும் ஊர். ஆனால் போகும் காலம் முக்கியம். பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னாலிருந்து நவராத்திரி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை என்று வருஷக் கடைசிவரை அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்போது போய் "கொஞ்சம் சொல்லிக் கொடுங்கண்ணே" என்று நிற்பது நியாயமில்லை. பொங்கல் கழிந்து தை கடைசியிலிருந்து பங்குனிவரை போகலாம். கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள், அது அவர்கள் பிழைப்பு. வாட்டர்கலர்காரர்களுக்கு மார்கழி, தைக் காலைகள். சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடும் மாசி வீதியில் பெயிண்ட் பெட்டியை விரிக்க நினைக்காதீர்கள். அன்றைக்குச் சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் போதும்.