மதுரையிலிருந்து ராமேஸ்வரம்: ஒரே நாளில் போய்வர காரா, ரயிலா?

மதுரைக்காரர்களுக்கு ஒரே நாளில் கடலைப் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்க வேண்டுமென்றால் ராமேஸ்வரம்தான் வசதி. எங்கள் வீட்டில் அமாவாசை, திதி, ஊரிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரர்கள் என்று வருடத்துக்குச் சில முறையாவது அந்தப் பயணம் அமைந்துவிடும். பல வருடங்களாக ரயிலிலும் போகிறேன், காரிலும் போகிறேன். எது நல்லது என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 170 கிலோமீட்டரைத்தான் கணக்குப் போடுகிறார்கள். நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: தனுஷ்கோடி போகப் போகிறீர்களா? ராமேஸ்வரத்துக்கு அப்புறம் இருக்கிற அந்த இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

காரணம் பழைய கதை. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயில் நேராக தனுஷ்கோடிக்கே போய்க்கொண்டிருந்தது. அங்கே இறங்கி கப்பலில் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலில் போனது. ஊரும் போனது, தண்டவாளமும் போனது. அன்றிலிருந்து ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது. சாலைக்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரம் வரை போய், அங்கிருந்து மணலில் ஓடும் வேனில் குலுங்கிக்கொண்டு போவோம். இப்போது தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. ஆக ரயிலில் வந்தாலும் கடைசிப் பகுதிக்கு ரோட்டைத்தான் நம்ப வேண்டும்.

ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். காலை பாசஞ்சர் மதுரையில் ஏழு மணிக்கு முன்பே கிளம்புகிறது. ராமேஸ்வரம் சேர ஏறக்குறைய நாலு மணி நேரம். நேரத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் ஓர் ஆளுக்கு ஐம்பது ரூபாயைத் தாண்டாது. சிலைமான், திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று நிதானமாகப் போகும். மானாமதுரை வரை வயலும் தோப்பும் தெரியும், அதற்கப்புறம் சீமைக்கருவேலங்காடுதான். ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி வந்ததும் தென்னை வந்துவிடும், காற்றில் உப்பு வந்துவிடும்.

அப்புறம் பாம்பன். இந்த ஒரு இடத்துக்காகவே முதல் முறை போகிறவர்களை நான் ரயிலில் போகச் சொல்லுவேன். பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும். இரண்டு கிலோமீட்டரைக் கடக்க பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லாததால் ஜன்னலுக்குக் கீழே நேராகத் தண்ணீர். பாறையில் கடல் அடிக்கிற சத்தமும் சக்கரச் சத்தமும் சேர்ந்து கேட்கும், பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தது. நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பாலம், கப்பல் வந்தால் அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். முன்பு இரண்டு கைகளாகப் பிரிந்து திறந்ததைப் பார்த்தவர்களுக்கு இது வேறு மாதிரி இருக்கும். ரயிலும் இப்போது வேகமாகப் போகிறது, சில நிமிடத்தில் பாம்பன் ஸ்டேஷன் வந்துவிடுகிறது. பத்திரம் என்று பார்த்தால் புதியதுதான் சரி. ஆனால் அந்த மெதுவான பன்னிரண்டு நிமிடத்தை நான் இன்னமும் தேடுகிறேன்.

பாலம் மூடிக் கிடந்த இரண்டே கால் வருடத்தில் ரயில் ராமநாதபுரம், மண்டபம் வரைதான். அங்கே இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ் பிடித்துத் தீவுக்குள் போக வேண்டும். வயதானவர்களை வைத்துக்கொண்டு அது சரிப்படவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் காரிலேயே போனோம், அதில்தான் காரின் நல்லது கெட்டது முழுசாகத் தெரிந்தது.

காரின் பெரிய லாபம், கிளம்பும் நேரம் நம் கையில் இருப்பது. அதிகாலை நாலு மணிக்கு மதுரையை விட்டால் எட்டு மணிக்கு அரிச்சல்முனையில் நிற்கலாம். அங்கே நிழல் என்று ஒன்று கிடையாது. சுட்டெரிக்கும் வெயிலில் பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளும் பெரியவர்களும் பத்து நிமிடம் தாங்க மாட்டார்கள். காலையில் போனால்தான் இரண்டு கடலையும் நின்று பார்க்க முடியும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், குளம் போலக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல், அலை புரண்டுகொண்டே இருக்கும். பார்க்கத்தான், குளிக்க அல்ல. நீரோட்டம் இழுத்துப் போட்டுவிடும், போலீசும் இறங்க விடமாட்டார்கள். திரும்பும் வழியில் இடிந்த தேவாலயத்தையும் பழைய ஸ்டேஷனில் மிச்சமிருக்கும் சுவர்களையும் பார்த்துவிட்டு, குடிசைக் கடையில் சுடச்சுட மீன் வாங்கிச் சாப்பிடலாம்.

இரண்டாவது லாபம் டிக்கி. இதை வெளியூர்க்காரர்கள் யோசிப்பதில்லை. அக்னி தீர்த்தத்தில் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் ஆளுக்கு ஒரு சேலை வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். ஈரத் துணியோடு சுவாமி தரிசனத்துக்கு விடமாட்டார்கள், மாற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய ஈரத் துணியை என்ன செய்வது? காரில் வந்தால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு டிக்கியில் வைத்துவிடலாம். ரயிலில் வந்தால் அந்த ஈர மூட்டையை நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஐந்து பேர் துணி என்றால் கல்லைக் கட்டித் தூக்குகிற கனம்.

வழியில் நிறுத்திப் பார்ப்பதும் காருக்கே உரியது. கீழடி அருங்காட்சியகம் திருப்புவனத்துக்கு முன்பே வந்துவிடும். பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் ரோட்டோரத்திலேயே இருக்கிறது, 2017-இல் திறந்தது. வெயில் காலத்தில் போனால் பரமக்குடிப் பக்கம் குண்டு மிளகாய் வாங்கலாம். வழியெல்லாம் அரக்குச் சிவப்பில் காயப் போட்டிருப்பார்கள், கண்ணாடியை இறக்கினால் தும்மல்தான்.

சரி, கஷ்டத்துக்கு வருவோம். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலு வழிச் சாலை, வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அதற்கப்புறம் ராமநாதபுரம் வரை நான் ஓட்டியதெல்லாம் இரண்டு வழிச் சாலைதான். பகலில் பரவாயில்லை. ராத்திரி ஏழு மணிக்கு மேல், எதிரே வருகிற பஸ்ஸும் லாரியும் ஹை பீமை இறக்காமல் வரும்போது, ஓரத்தில் ஆடு மாடு நிற்கிறதா, ஆள் நடக்கிறாரா என்று எதுவும் தெரியாது. நாலு மணிக்கு எழுந்து, தீர்த்தமாடி, மதியம் இலைச் சாப்பாடு சாப்பிட்ட உடம்பு எட்டு மணிக்குச் சொக்கும். இதுதான் காரின் உண்மையான விலை என்று நினைக்கிறேன். பெட்ரோலும் டோலும் அப்புறம்தான். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் ஆக்டிங் டிரைவரைப் போட்டுக்கொண்டு போங்கள். அந்தச் செலவில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஓட்டுகிறவருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் ஏறினால் பின்சீட்டில் இருப்பவர்கள் கடலையும் படகுகளையும் பார்த்துக் கூச்சல் போடுவார்கள், ஓட்டுகிறவர் முன்னால் நிற்கும் வண்டியின் பம்பரைத்தான் பார்க்க வேண்டும். பாலத்தில் வண்டி நிறுத்தக் கூடாது. ஆனால் செல்ஃபிக்காக நிறுத்துகிறவர்களால் ஞாயிற்றுக்கிழமைகளில் நெரிசல் அடைத்துக்கொள்கிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள், பின்னால் ஆம்புலன்ஸ் இருக்கலாம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கார் விடமாட்டார்கள். தள்ளி நிறுத்திவிட்டு நடக்கவோ ஆட்டோ பிடிக்கவோ வேண்டும். ஆடி, தை அமாவாசைகளில் காரை எடுக்கவே வேண்டாம்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். போக, வர, தனுஷ்கோடி சேர்த்து கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினாறு கொடுக்கிற பெட்ரோல் கார் என்றால் 25 லிட்டர், ரூபாய் 2,500 பக்கம். திருப்பாச்சேத்தி, போகலூர் டோல் தனி. ஐந்து பேர் ரயிலில் போய்வர 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் ராமேஸ்வரத்தில் ஆட்டோக்காரரிடம், “அண்ணே, அரிச்சல்முனை போய்வர எவ்வளவு?” என்று கேட்டால் விடுமுறை நாளில் ஆயிரத்துக்கு மேல்தான் சொல்வார். டவுன் பஸ் இருக்கிறது, மலிவு, ஆனால் அதன் நேரத்துக்கு நாம் காத்திருக்க வேண்டும். ஆக நாலைந்து பேர் இருந்து தனுஷ்கோடியும் போவதாக இருந்தால் பண வித்தியாசம் நினைப்பதை விடக் குறைவு. ஒருவர் இருவர் என்றால் ரயிலுக்குப் பக்கத்தில் கார் நெருங்கவே முடியாது.

ரயிலில் போகிறவர்கள் நேரத்தைக் கொஞ்சம் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும். கோயில் நடை மதியம் ஒரு மணிக்குச் சாத்தி மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். பதினொரு மணிக்கு முன்னே பின்னே ஸ்டேஷனில் இறங்கியதும் டீக்கடையில் உட்கார்ந்துவிடாமல் நேராகக் கோயிலுக்குப் போய்விட்டால் தீர்த்தமும் தரிசனமும் ஒரு மணிக்குள் முடியும். சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்கு தனுஷ்கோடி கிளம்பினால் ஐந்துக்குள் திரும்பலாம். திரும்பும் பாசஞ்சர் ஆறு மணி வாக்கில். நடுவில் ஒன்று பிசகினாலும் ரயில் போய்விடும். பிரகாரத்தை நிதானமாகச் சுற்ற நேரம் இருக்காது. 1212 தூண் உள்ள அந்த மூன்றாம் பிரகாரத்தை ஓட்டமும் நடையுமாகப் பார்ப்பதில் எனக்கு விருப்பம் இல்லை.

அதனால் இப்போதெல்லாம் நான் போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொள்கிறேன். மதுரைக்கு ராத்திரியிலும் பஸ் இருப்பதால் ஆறு மணி ரயிலைப் பிடிக்கிற அவசரம் இல்லை. மாலையில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு, அக்னி தீர்த்தக் கரையில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம். தூக்கம் வந்தால் தூங்கலாம்.

அம்மாவைக் கூட்டிப்போனால் மட்டும் காலையில் ரயில், மாலையிலும் ரயில்தான். பாசஞ்சர் படி உயரம், முழங்கால் வலியோடு ஏற ஒரு கை பிடித்துவிட வேண்டும். ஆனால் ஏறிவிட்டால் கழிவறை இருக்கிறது, காலை நீட்டலாம், எழுந்து நடக்கலாம். பரமக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறையைக் காரிலிருந்து தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதனாலேயே காரில் வரும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். அந்த வெயிலில் அது நல்லதே அல்ல.

திரும்பும் ரயில் ராமேஸ்வரத்திலேயே புறப்படுவதால் அரை மணி நேரம் முன்னால் போனால் ஜன்னல் சீட் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் வானிலைச் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்தால் பாலத்துக்கு இந்தப் பக்கமே ரயிலை நிறுத்திவிடுவார்கள், தனுஷ்கோடி சாலையையும் மூடிவிடுவார்கள்.