குட்டைக் கால், 24,000 ரூபாய்: இடுப்பு வலிக்காரர்கள் கவனத்துக்கு

எனக்கு 31 வயது. பிட்டத்துக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் குழி விழுமே, அங்கே எட்டு மாதமாக வலி. உட்கார்ந்தே பார்க்கிற வேலை, அதனால்தான் என்று நினைத்தேன். ரீல்ஸில் ஆளைப் படுக்கவைத்து மடமடவென்று நெட்டி முறிக்கிறார்களே, அப்படியொரு கைரோபிராக்டிக் சென்டர் சென்னையில் எங்கள் ஏரியாவிலேயே இருந்தது. போனேன்.

அங்கே சிகிச்சை தருபவர் ஷூவோடு குப்புறப் படுக்கச் சொன்னார். இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, என் போனிலேயே போட்டோ எடுத்துக் காட்டினார். இடது கால் அரை இன்ச் குட்டை! "எஸ்.ஐ. ஜாயின்ட் விலகியிருக்கு சார்." முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டைத்தான் அப்படிச் சொன்னார். இடுப்பில் ஒரே அழுத்து, மேஜை தடாலென்று இறங்கியது. மறுபடி போட்டோ. இரண்டு காலும் சமம். அந்தப் பரவசத்தில் 12 சிட்டிங்குக்கு 24,000 ரூபாயை ஜிபே செய்துவிட்டேன்.

அன்று இரவே என் மனைவி அதே வித்தையைக் கட்டிலில் செய்து காட்டினாள். ஒரு ஷூவைக் கணுக்காலோடு லேசாகச் சாய்த்துப் பிடித்தால் போதும், கால் குட்டையாகிவிடுகிறது. பணம் கட்டியவனுக்கு அதெல்லாம் ஏறுமா?

ஐந்து சிட்டிங் போனேன். சத்தம் வந்ததும் ஓரிரு மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது எலும்பு இடத்தில் உட்காரும் சத்தமில்லை. விரலில் சொடக்கு எடுப்பதுபோல மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். எஸ்.ஐ. மூட்டு தடித்த நார்களால் இறுக்கிக் கட்டப்பட்டது. அசைவே ஓரிரு மில்லிமீட்டர்தான். அதுவா அரை இன்ச் விலகும்?

"காலையில் எழுந்ததும் எப்படி இருக்கு?" என்று அங்கே யாருமே கேட்கவில்லை. பிறகு நான் போய்ப் பார்த்த ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு அழற்சி நோய்களுக்கான டாக்டர்) கேட்ட முதல் கேள்வியே அதுதான். எனக்கு எழுந்து முக்கால் மணி நேரம் இடுப்பு மரக்கட்டை. நடந்தால் இளகும், படுத்தால் கூடும், விடியற்காலையில் வலியே எழுப்பிவிடும். எம்.ஆர்.ஐ.யில் அந்த மூட்டில் அழற்சி தெரிந்தது, இந்த வகை நோயோடு தொடர்புடைய மரபணுவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் எச்.எல்.ஏ. பி27 பாசிட்டிவ். அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸின் தொடக்கம், அதாவது முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வந்து நாளடைவில் இறுகிப்போகக்கூடிய நோய். இந்த நோயில் முதுகெலும்பு இறுகிப்போனவர்களை வெடுக்கென்று திருகினால் எலும்பே முறியலாம். எனக்கு இன்னும் இறுகவில்லை, தப்பித்தேன்.

அந்த சென்டரின் பலகையில் 'டாக்டர்' என்றிருந்தது. நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கென்று பதிவு கவுன்சில் கிடையாது. பிசியோதெரபி படித்தவரா என்று கேட்டதற்கு, "இன்டர்நேஷனல் சர்டிபிகேட் சார்" என்றார்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ இந்த மேஜைப் பக்கமே போகாதீர்கள். நேரே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

மீதிப் பணத்தைக் கேட்டேன். ரீஃபண்ட் இல்லையாம், மிச்சமுள்ள ஏழு சிட்டிங்கை வீட்டில் யாருக்காவது மாற்றிக்கொள்ளலாமாம். "மனைவியை விட்டா அம்மா மட்டும்தான் இருக்காங்க, எலும்பு அடர்த்தி ரொம்பக் குறைவு, விழுந்தாலே முறிஞ்சிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன்.

"கூட்டிட்டு வாங்க சார், சரி பண்ணிடலாம்."