மாமனார் வீட்டுக்கு மாவோதாய் மது வாங்கப் போகிறீர்களா? 3,600 யுவான் பறிகொடுத்தவன் எழுதுகிறேன்

சீனாவில் பெண் எடுத்து இங்கேயே குடியிருக்கும் நம்மாட்களுக்கும், வசந்த விழாவுக்கு (சீனப் புத்தாண்டு) யார் வீட்டுக்காவது மது வாங்கிப் போகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. 3,600 யுவான் போய்விட்டது. நம்மூர்க் காசுக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அந்த ஆள் அடுத்தவனை ஏமாற்றப் போய்விடுவான்.

மனைவியின் ஊர் சிச்சுவானில் யிபின். வுலியாங்யே என்ற பிரபல மதுவை வடிக்கும் ஊர். அங்கே வுலியாங்யே வாங்கிப் போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. புத்தாண்டின் இரண்டாம் நாள் பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போவார்கள். மாப்பிள்ளை கொண்டு போகும் பரிசு இரட்டைப்படையில் இருக்க வேண்டும், மது என்றால் இரண்டு பாட்டில். போன வருடம் சகலை மாவோதாயில் ஃபெய்தியான் என்ற வகையில் ஒரு ஜோடி கொண்டு வந்தார். 53 டிகிரி (ஆல்கஹால் 53 சதவீதம்), அரை லிட்டர், வெள்ளைப் பாட்டில், கழுத்தில் சிவப்பு நாடா. சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. "இந்த வருஷம் நாமும் அதையே வாங்கிடலாம்" என்றாள் மனைவி. சரி என்றேன்.

அந்த பாட்டிலுக்கு அப்போது நிறுவனம் குறித்திருந்த விலை 1,499 யுவான். பண்டிகை நேரத்தில் அந்த விலைக்கு எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை, நாங்கள் இருக்கும் குவாங்சோவின் கடைகளில் கூசாமல் கூடுதலாகக் கேட்டார்கள். அப்போதுதான் குறுங்காணொளிச் செயலி ஒன்றில், நேரலையில் மது விற்கும் ஒரு கடையைப் பார்த்தோம். பாட்டில் 1,800, ஜோடி 3,600. கவனியுங்கள், பாதி விலை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவனும் நம்பமாட்டான். கடை விலையிலிருந்து கொஞ்சம்தான் குறைத்திருந்தான்.

விற்றவன் நிதானமான ஆள், கத்தவே இல்லை. கேமராவுக்கு முன்னால் பெட்டியைத் திறந்து, உள்ளே வரும் இரண்டு குட்டிக் கோப்பைகளைக் காட்டினான். நாடாவின் உள்பக்கத்தில் இருக்கும் சின்ன எண்ணைக் காட்டினான். சிவப்பு மூடியின் மேல் கைபேசியை வைத்து, மூடிக்குள் இருக்கும் சிப் படிக்கப்படுவதைக் காட்டினான். "ஒன்று போலி என்றால் பத்து மடங்கு தருவேன்" என்றான். மனைவி ஒரு கேள்வி எழுதினாள்: அப்பா வீட்டுக்குக் கொண்டு போகிறோம், நல்லதுதானே? அவளை மரியாதையாக அக்கா என்று அழைத்துப் பதில் சொன்னான். "பெட்டியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காதீர்கள் அக்கா, பிரித்த பெட்டியைப் பெரியவர்களிடம் கொடுப்பது அழகில்லை. பிரித்ததை நாங்களும் திருப்பி வாங்க மாட்டோம்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் மொத்தத் திருட்டும் இருக்கிறது. பெட்டியைப் பிரிக்காமல் மூடியைத் தொட முடியாது, மூடியைத் தொடாமல் சிப்பைப் படிக்க முடியாது. பண்டிகை நெருங்கினால் கூரியர் தாமதமாகும் என்பதால் எல்லோரும் முன்கூட்டியே வாங்கிவிடுகிறோம். பொருள் வந்து சில நாளில் செயலி தானாகவே "பெற்றுக்கொண்டார்" என்று குறித்துக்கொண்டு பணத்தைக் கடைக்கு விடுவித்துவிடும். பாட்டில் திறக்கும் நாளில் பணம் அவன் பையில். பரிசுக்கு வாங்குகிறவன் முன்னாலேயே திறந்து பார்க்க மாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவனுக்கு இந்தப் பருவம்.

இரண்டாம் நாள் மதியம். மாமனார், மாமியார், சகலை குடும்பம், மாமனாரின் தம்பி, இன்னும் யார் யாரோ. முதல் பாட்டிலைத் திறந்து ஊற்றினார்கள். நான் என் கோப்பையை மாமனாரின் கோப்பைக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து இடித்தேன், முறைப்படி. அவர் குடித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நல்ல மனிதர், எனக்காக இன்னொரு கோப்பையும் குடித்தார். சித்தப்பாதான் நிறுத்தினார். அவர் மது ஆலையொன்றில் பாட்டில் அடைக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாவோதாய்க்கு சோயா சாஸும் வறுத்த தானியமும் கலந்த ஒரு மணம் உண்டு, குடித்து முடித்த கோப்பையில்கூட வெகுநேரம் நிற்கும். இதில் எசன்ஸ் வாடைதான். அவர் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாட்டில் அசல், நாடா அசல், மூடி போலி என்றார். யாரோ குடித்துவிட்டு விற்ற காலி பாட்டிலில் மலிவுச் சரக்கை நிரப்பியிருக்கிறார்கள். மாவோதாயின் காலி பாட்டிலை, பெட்டியும் கோப்பையும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் இருக்கிறதாம்.

மாமனார் உள்ளே போய், அவர் வழக்கமாகக் குடிக்கும் ஜியன்னான்ச்சுன் எடுத்து வந்தார். 400 யுவானை ஒட்டி விற்கும் சரக்கு. எல்லோரும் சந்தோஷமாகக் குடித்தார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. சகலை ஆறுதலாக ஏதோ சொன்னார், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது பாட்டிலின் பெட்டியைப் பிரித்து மூடியில் கைபேசியை வைத்தோம். சிப்பே இல்லை. உடனே கடைக்கு எழுதினோம். விடுமுறை, ஆள் இல்லை என்று இயந்திரப் பதில். விடுமுறை முடிந்ததும் ஆள் வந்தார். "உங்கள் கைபேசி பழசாக இருக்கும்." வேறு கைபேசியில் வீடியோ எடுத்து அனுப்பினோம். "ஜோடியாக விற்றது, ஒன்றைத் திறந்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது." போலி என்றால் பத்து மடங்கு என்றீர்களே? "போலி என்று நிறுவனத்திடம் சான்று வாங்கி வாருங்கள்." அப்புறம் ஒன்று சொன்னான் பாருங்கள், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: "அசலைக் குடித்துவிட்டு நீங்களே வேறு எதையாவது நிரப்பவில்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

செயலியின் வாடிக்கையாளர் சேவை அதைவிட மேல். விற்றவரிடம் பேசுங்கள் என்கிறார்கள். விற்றவன் எங்கள் கணக்கைத் தடை செய்துவிட்டான் என்றால், உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம் என்கிறார்கள். உணர்வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, 3,600 யுவானைக் கொடுங்கள் என்று மனைவி கத்திவிட்டாள். இப்போது அந்தக் கடையின் பக்கமே காணவில்லை.

சட்டம் நம் பக்கம்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 148ஆவது பிரிவு, உணவுப் பாதுகாப்புத் தரத்துக்கு ஒவ்வாதது என்று தெரிந்தே விற்றால் விலையில் பத்து மடங்கு கேட்கலாம் என்கிறது. நுகர்வோர் சட்டத்தின் 55ஆவது பிரிவு ஏமாற்று வேலைக்கு மூன்று மடங்கு. நுகர்வோர் புகார் எண்ணான 12315க்குப் புகார் கொடுத்தாயிற்று. பார்ப்போம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில: பார்சல் வந்த அன்றே, உறையைப் பிரிப்பதிலிருந்து மூடியில் கைபேசி வைப்பது வரை வீடியோ எடுங்கள். மாமனார் கோபித்துக்கொள்ள மாட்டார். "மாவோதாய் ஊர்ச் சரக்கு" என்று விற்பது வேறு, மாவோதாய் வேறு. மாவோதாய் என்பது ஊர்ப் பெயரும்கூட, அந்த ஊரில் வேறு ஆலைகளும் நிறைய. "அரசுக்கான சிறப்புச் சரக்கு" என்று எவனாவது சொன்னால் எழுந்து ஓடிவிடுங்கள். மலிவான பாட்டில் என்றால் லேபிளில் தர எண்ணைப் பாருங்கள், 20821 என்றிருந்தால் அது திரவ முறையில் தயாரித்தது, பாரம்பரிய முறையில் வடித்ததல்ல. அசலைக் குடித்தால் காலி பாட்டிலை உடைத்துப் போடுங்கள், தயவுசெய்து விற்காதீர்கள்.

மூடி திறக்காத அந்த இரண்டாவது பாட்டில் இன்னும் என்னிடம் இருக்கிறது. குவாங்சோவில் அதைச் சோதித்து எழுத்தில் சான்று தரும் இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். 3,600 யுவானை நான் விடுவதாக இல்லை.