நாலு லிட்டர் ஹ்யூமிடிஃபையரும் புதுச்சேரி போர்வெல் தண்ணீரும்

அறைக் காற்றில் ஈரம் ஏற்றும் இந்த மெஷினுக்கு இது மூன்றாவது பனிக்காலம். போன வாரம்தான் தகடு மாற்றியது. "வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே தடவையாக இங்கேயே பதில்.

நாலு லிட்டர் தொட்டி, அல்ட்ராசோனிக் வகை, முழு வேகத்தில் மணிக்கு 300 மில்லி. ஏசி 24-இல் ஓடும் மூடிய அறையில் ஈரப்பத மீட்டர் 42, 43 சதவீதம் என்று இறங்கும். இதைப் போட்டால் அரை மணியில் 50, 52. விடிகாலையில் தொண்டை வறண்டு எழுந்திருப்பது நின்றது, உதடு வெடிப்பது நின்றது. சத்தமும் இல்லை. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை தண்ணீரில். அடியில் இருக்கும் 20 மில்லிமீட்டர் பீங்கான் தகடு நொடிக்கு சுமார் 17 லட்சம் முறை அதிர்ந்து தண்ணீரைத் துளித்துளியாக உடைத்து வீசுகிறது. கொதிக்க வைத்து ஆவியாக்குவதில்லை. அதனால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் சுண்ணாம்பும் துளியோடு கூடவே காற்றில் ஏறும். துளி காய்ந்ததும் வெள்ளைத் தூளாக இறங்கும். கணக்கு எளிது. டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு எத்தனை மில்லிகிராம் என்ற அளவு) 1000 உள்ள போர்வெல் தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு. ராத்திரி எட்டு மணி நேரம், 2.4 லிட்டர், 2.4 கிராம் தூள், ராத்திரிக்கு ராத்திரி. கடற்கரையை ஒட்டிய தெருக்களில், கடலூர் முதுநகர் பக்கமும் சரி, இங்கேயும் சரி, ஆயிரத்தைத் தாண்டும் போர்வெல்கள் ஏராளம். டிவி ஸ்டாண்டில், ஃபேன் இறக்கையில், கறுப்பு லேப்டாப் மூடியில் எல்லாம் கோலமாவு தூவின மாதிரி. வாசலில் போட வேண்டிய மார்கழிக் கோலத்தை மெஷின் உள்ளேயே போட்டுவிடும். டிவி பரவாயில்லை, துடைத்துவிடலாம். அதே தூள் மூக்குக்குள்ளும் போகிறதே, எரிச்சல் அங்கேதான்.

சாஃப்ட்னரில் (கடினத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி) வந்த தண்ணீர் ஊற்றினால் சரியாகும் என்பார்கள். ஆகாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கிறது; தூள் அப்படியே இருக்கும், கெட்டியாக ஒட்டாது, அவ்வளவுதான். ஏசி டிரெயின் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவதும் வேண்டாம். உப்பு இல்லைதான், ஆனால் காயிலில் (ஏசிக்குள் குளிரும் குழாய்ச் சுருள்) படிந்த அழுக்கும் கிருமியும் சேர்ந்து வரும் தண்ணீர் அது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம். ஆர்ஓ அல்லது கேன் தண்ணீர்தான் வழி, அதையும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிட்டு. 50 என்றால் ராத்திரிக்கு 0.12 கிராம், கண்ணுக்குத் தெரியாது. ஆர்ஓ-வில் 'சுவைக்காக' வடிகட்டாத தண்ணீரைக் கலக்கும் திருகு திறந்திருந்தால் 150-க்குப் போய்விடும். அதையும் கவனிக்க வேண்டும்.

தகடு போனதும் சுண்ணாம்பால்தான். மேலே படை கட்டினால் புகை மெலியும், தகடு சூடேறும், கடைசியில் விரிசல். வாரம் ஒருமுறை 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), 20 நிமிடம் ஊறல், பிறகு பழைய மென்மையான டூத் பிரஷ். சுரண்டக் கூடாது, பூச்சு போய்விடும். மாற்றும்போது அதே அளவு, அதே அதிர்வெண் தகடுதான் போட வேண்டும். ஒயர் பக்கம் கீழே, வழவழப்பான பக்கம் தண்ணீருக்கு. சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் பள்ளத்தில் முழுசாக உட்காராவிட்டால் தண்ணீர் சர்க்யூட் போர்டில் இறங்கும். போன வாரம் முதல் தடவை மாட்டியபோது அந்த வளையம்தான் ஓர் ஓரத்தில் மடிந்திருந்தது. கழற்றி மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று. மீதித் தண்ணீரை தினமும் கொட்டிவிட வேண்டும். இரண்டு நாள் நின்றால் தொட்டிச் சுவர் கொழகொழவென்றாகிவிடும்.

இனி வேறொரு கணக்கு. 12-க்கு 10 அடி அறை, 10 அடி உயரம்: சுமார் 34 கன மீட்டர் காற்று. 24 டிகிரியில் அதை 40-இலிருந்து 50 சதவீதத்துக்கு ஏற்ற 75 மில்லி தண்ணீர் போதும், ஒரு டீ டம்ளர் கூட இல்லை. பிறகு ஏன் ராத்திரிக்கு இரண்டு லிட்டர் குடிக்கிறது? ஊற்றுவதை ஏசி காயில் இழுத்து வெளியே குழாயில் சொட்டவிடுகிறது. இரண்டு மெஷின்கள் ராத்திரி முழுக்க ஒன்றை ஒன்று எதிர்த்து மின்சாரம் செலவழிக்கின்றன. தை மாதம் வெளியே 22 டிகிரி, ஈரமான கடல் காற்று. கொசுவலையைக் கட்டி ஜன்னலைத் திறந்தால் மீட்டர் தானாக 70-ஐத் தாண்டும். (மீட்டரையும் முதலில் சோதியுங்கள்: பாட்டில் மூடியில் தூள் உப்பு, கூழாகும் அளவு சில சொட்டுத் தண்ணீர், மீட்டரோடு ஜிப் கவரில் எட்டு மணி நேரம். 75 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம்.) மழைக்காலத்தில் ஹ்யூமிடிஃபையரைப் பரணில் போடுங்கள். 2024 ஃபெஞ்சல் புயல் வாரம் மாதிரி நாட்களில் சுவரே பூஞ்சை பூக்கும். அப்போது இதை ஓட்டுவது பைத்தியக்காரத்தனம்.

தோலுக்கு இந்த மெஷின் பாதிதான் உதவும். கடின தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் தோலிலேயே ஒட்டும்; அரிப்புக்கு அதுவும் ஒரு காரணம். சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதத்தோடு நிறுத்தி, கடைசி இரண்டு சொம்பு ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் வித்தியாசம் மறுநாளே தெரியும். வெந்நீர் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. துவட்டிய மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ கிரீமோ. பாட்டில் எண்ணெய் காலையில் கல்லாக உறைந்திருந்தால் அறை 24-க்குக் கீழே போயிருக்கிறது, ஏசியை ஏற்றுங்கள். குதிகால் வெடிப்புக்கு 20 சதவீத யூரியா கிரீம், மேலே சாக்ஸ். புண்ணாகப் பிளந்திருந்தால் யூரியா எரியும், ஆறும் வரை வாசலின் மட்டும்.

ஆக, புதுச்சேரியில் இதை வாங்காதீர்கள். கேட்டவர் எல்லோருக்கும் அதே பதில்தான். தகடு மாற்றும்போது கூடவே வாங்கிய உபரித் தகடு மேசை டிராயரில் இருக்கிறது.