கால அட்டவணையா, டிராக் வாரண்ட்டா: ஒற்றைப் பாதையில் ரயில் நடத்தும் இரு முறைகள்

எங்கள் குழு கட்டியிருக்கும் மாதிரி ரயில் பாதை, அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் 1950களில் இருந்த ஒற்றைப் பாதைகளைப் பின்பற்றி அமைந்தது. தண்டவாளமும் நிலையங்களும் முடிந்த பிறகு, ஒரே பாதையில் எதிரெதிராக வரும் ரயில்களுக்கு எந்த விதியின்படி கிராசிங் போடுவது என்ற கேள்வி எழுந்தது. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: கால அட்டவணையும் ரயில் ஆணையும் (தாளில் எழுதித் தரும் கட்டளை) சேர்ந்த பழைய முறை, ரேடியோவில் அனுமதி தரும் டிராக் வாரண்ட் முறை, சிக்னல்களை ஓரிடத்திலிருந்து இயக்கும் சிடிசி (மையக் கட்டுப்பாடு) முறை. முதல் இரண்டையும் எங்கள் பாதையில் ஓட்டிப் பார்த்தபின் பழைய முறையைத் தேர்ந்தோம். அந்தத் தேர்வை நான் முழு மனதுடன் ஆதரிக்கிறேன் என்பதை வாசகர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருப்பது நல்லது.

சிடிசியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1927இல் ஓஹையோ மாநிலத்தில் ஸ்டான்லிக்கும் பெர்விக்கிற்கும் இடையே முதன்முதலில் நடைமுறைக்கு வந்த இந்த முறையில் சிக்னலே ரயிலுக்கான அனுமதி. ரயில்களை ஓரிடத்திலிருந்து நடத்தும் அதிகாரியான டிஸ்பேட்சர் தம் பலகையில் பாயிண்ட்டையும் (பாதை பிரியும் இடத்தில் தண்டவாளத்தை மாற்றும் அமைப்பு) சிக்னலையும் திருப்புகிறார், ஓட்டுநர் பச்சையைக் கண்டால் போகிறார், சிவப்பைக் கண்டால் நிற்கிறார். மாதிரிப் பாதையில் இதற்கு ஒவ்வொரு தொகுதியிலும் ரயில் இருப்பதை உணரும் கருவி, இயங்கும் சிக்னல், மோட்டார் பொருத்திய பாயிண்ட் என நிறைய மின்வேலை தேவைப்படும். வேறு குழுக்களின் பாதைகளில் விருந்தினராக ஓட்டிய அளவில்தான் எனக்கு இதில் அனுபவம் உண்டு. இதைப் பராமரித்ததில்லை என்பதால் மேற்கொண்டு தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மற்ற இரண்டையும் ஒப்பிடும் முன், தமிழ்நாட்டின் ஒற்றைப் பாதைகளைக் கண்டு பழகியவர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் நீண்ட காலம் வழங்கிய டோக்கன் முறையில், அடுத்த நிலைய அதிகாரி லைன் கிளியர் (ரயில் வரலாம் என்ற சம்மதம்) கொடுத்தால்தான் நிலையத்திலுள்ள நீல் கருவியிலிருந்து டோக்கன் பந்து வெளிவரும். அந்தப் பந்து ஓட்டுநர் கையில் இல்லாமல் ரயில் அடுத்த பகுதிக்குள் நுழையாது. ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது என்பதால் எதிர் ரயிலைத் தடுக்கும் வேலையைக் கருவியே செய்துவிடுகிறது. அமெரிக்காவில் இத்தகைய கருவிகள் அரிதாகவே பயன்பட்டன. சிக்னல் இல்லாத நெடும்பாதைகளில் தாளில் எழுதிய சொல்லும், அந்தச் சொல்லைப் பிழையின்றிப் படிக்கும் மனிதரும் மட்டுமே பாதுகாப்பு. நான் ஒப்பிடும் இரண்டு முறைகளும் அவ்வாறு சொல்லை நம்பி நிற்பவையே.

பழைய முறையில் கால அட்டவணை வெறும் தகவல் பலகை அன்று, அதுவே அதிகாரம். அட்டவணையில் எண் பெற்ற ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு தரமும் ஒரு திசையும் உண்டு. முதல் தர ரயில் இரண்டாம் தர ரயிலுக்கு மேற்பட்டது. ஒரே தரத்து ரயில்கள் இரண்டு எதிரெதிரே வந்தால், அட்டவணை எந்தத் திசைக்கு முன்னுரிமை தந்திருக்கிறதோ அந்தத் திசையில் செல்வது மேற்பட்டது. கீழ்ப்பட்ட ரயில், மேற்பட்ட ரயிலின் நேரத்துக்குக் குறைந்தது 5 நிமிடம் முன்பாக, நிலையத்தில் பக்கவாட்டில் பிரிந்து மீண்டும் சேரும் லூப் லைனில் ஒதுங்கி மெயின் லைனைக் காலியாக விட்டிருக்க வேண்டும். அட்டவணையில் இடம் பெறாத ரயில் 'எக்ஸ்ட்ரா' எனப்படும். இஞ்சினில் வெள்ளைக் கொடி கட்டி ஓடும் இந்த எக்ஸ்ட்ரா, எண் பெற்ற எல்லா ரயில்களுக்கும் கீழ்ப்பட்டது.

எல்லாம் நேரப்படி நடந்தால் இதற்குமேல் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. ரயில் தாமதமாகும்போதுதான் ரயில் ஆணை நுழைகிறது. 1851இல் ஈரி ரயில்வேயின் கண்காணிப்பாளர் சார்லஸ் மைனாட், எதிர் ரயிலுக்காகக் காத்துக் கிடந்த தம் ரயிலை விடுவிக்கத் தந்தி மூலம் அந்த எதிர் ரயிலை முன்னிருந்த நிலையத்தில் நிறுத்தச் சொன்னார். தந்தியை நம்பி ஓட்ட ஓட்டுநர் மறுத்ததால் மைனாட்டே இஞ்சினை ஓட்டிச் சென்றார் என்பது அமெரிக்க ரயில் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் நிகழ்ச்சி. அன்று அவர் செய்ததே பின்னாளில் விதியாயிற்று: ஆணை வழியாகக் கிடைக்கும் உரிமை, தரத்தையும் திசையையும் விட வலியது. டிஸ்பேட்சர் சொல்லச் சொல்ல நிலைய ஆபரேட்டர்கள் மெல்லிய தாளில் கார்பன் வைத்து எழுதி, திருப்பிச் சொல்லி, சரி என்ற சொல்லையும் நேரத்தையும் பெறுவார்கள். ஆணை யாருடைய உரிமையைக் குறைக்கிறதோ அந்த ரயிலுக்கு அது முதலில் போய்ச் சேர வேண்டும் என்பது இதில் மிக நுட்பமான ஏற்பாடு. மேற்பட்ட ரயிலைக் கட்டிய பிறகுதான் கீழ்ப்பட்டதை அவிழ்க்கலாம். 31ஆம் எண் ஆணைப் படிவத்துக்கு ரயில் நின்று கையெழுத்திட வேண்டும். 19ஆம் எண் படிவத்தை ஓடும் ரயிலுக்கு வளையத்தில் மாட்டி நீட்டலாம்.

டிராக் வாரண்ட் முறை இதைத் தலைகீழாக்குகிறது. இங்கே எந்த ரயிலுக்கும் தானாக எந்த உரிமையும் இல்லை. தரம், திசை, முன்னுரிமை எல்லாம் நீங்கிவிடுகின்றன. டிஸ்பேட்சர் ரேடியோவில் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம்வரை என்று வாரண்ட் தருவார். ரயிலுக்குப் பொறுப்பான கண்டக்டர் தம் படிவத்தில் உரிய கட்டங்களைக் குறித்துக்கொண்டு முழுவதையும் திருப்பிப் படிப்பார். சரி என்று நேரம் சொல்லப்பட்ட பிறகே ரயில் நகரும். வழித்தட நிலையங்களில் ஆபரேட்டர்களை வைத்திருப்பது ரயில்வேக்களுக்குச் சுமையாகி, ரேடியோ எங்கும் பரவிய 1980களில் இது வேகமாக வேரூன்றியது. 1985இல் முதன்முதல் வெளியான மேற்கு அமெரிக்க ரயில்வேக்களின் பொது இயக்க விதித்தொகுப்பிலும் இதற்கு முறையான இடம் கிடைத்தது.

பாதுகாப்பை மட்டும் பார்த்தால் வாரண்ட்டே மேல் என்பதை நான் மறுக்கவில்லை. டிஸ்பேட்சரின் குரல் கேட்காவிட்டால் வாரண்ட் முறையில் ரயில் நிற்கும், பழைய முறையில் ஓடும். 1918 ஜூலை 9 அன்று டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லுக்கு அருகே டச்மேன்ஸ் கர்வ் என்ற வளைவில் இரண்டு பயணிகள் ரயில்கள் நேருக்கு நேர் மோதி 101 பேர் இறந்ததாக அரசு விசாரணை கணக்கிட்டது. நகரிலிருந்து புறப்பட்ட 4ஆம் எண் ரயில், இரட்டைப் பாதை முடியும் இடத்தில் மேற்பட்ட ரயிலான 1ஆம் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டியது. எதிரே கடந்துபோன ஷண்டிங் வண்டியை 1ஆம் எண் ரயில் என்று அதன் பணியாளர்கள் எண்ணிவிட்டார்கள் என்றே விசாரணை முடிவு கூறியது. யார் கடந்து போனார்கள் என்பதைப் பணியாளர் தம் கண்ணால் உறுதி செய்ய வேண்டியிருப்பதுதான் பழைய முறையின் பெரும் பலவீனம்.

ஆயினும் வாரண்ட்டும் இந்தப் பலவீனத்தை முற்றிலும் நீக்கிவிடவில்லை. இன்ன ரயில் வந்து சேர்ந்த பிறகே இந்த வாரண்ட் செல்லும் என்று சொல்லும் கட்டம் ஒன்று அந்தப் படிவத்தில் உண்டு. டிஸ்பேட்சரின் வேலையைக் குறைக்க இது மிகவும் உதவும். ஆனால் எதிர் ரயில் வந்துவிட்டதா என்று பார்க்கும் பொறுப்பு மீண்டும் பணியாளரிடமே வந்துவிடுகிறது. 2004 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் கன்டர் அருகே இரண்டு சரக்கு ரயில்கள் மோதியதற்கு, இத்தகைய வாரண்ட்டின் நிபந்தனையைப் பணியாளர் கடைப்பிடிக்காததே காரணம் என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. சிக்னல் இல்லாத பாதையில் அவ்வகை வாரண்ட்டைப் பயன்படுத்தியதும் ஒரு துணைக் காரணம் என்றது. எண்பத்தாறு ஆண்டு இடைவெளியிலும் இடறும் இடம் மாறவில்லை.

எங்கள் பாதையில் யாருக்கும் உயிர் ஆபத்து இல்லாததால் பாதுகாப்பு எங்கள் தேர்வைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது டிஸ்பேட்சரின் மேல் விழும் சுமை. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

எண் பெற்ற இரண்டு ரயில்களுக்கு ஒரு நிலையத்தில் சாதாரணமாக ஒரு கிராசிங் நடக்க வேண்டும் என்று கொள்வோம். வாரண்ட் முறையில் இரண்டுக்கும் அந்த நிலையம்வரை ஒவ்வொரு வாரண்ட் வேண்டும். எது மெயின் லைனில் நிற்பது, எது லூப்பில் ஒதுங்குவது என்பதையும் அவற்றிலேயே சொல்ல வேண்டும். இரண்டும் வந்து சேர்ந்ததைத் தெரிவித்தபின், அப்பால் செல்ல மீண்டும் ஒவ்வொரு வாரண்ட். ஆக ஒரு கிராசிங்குக்கு நான்கு வாரண்ட்டுகள். ஒவ்வொன்றையும் சொல்லி, எழுதி, திருப்பிப் படித்து, நேரம் வாங்கி முடிக்க நல்ல வேகத்திலும் ஒரு நிமிடமாவது ஆகும். மாதிரிப் பாதைகளில் தூரம் சுருங்கியிருப்பதால் கடிகாரத்தை விரைவாக ஓட விடுவது வழக்கம். அது நான்கு மடங்கு வேகத்தில் ஓடினால், மனிதர் பேசும் ஒரு நிமிடம் பாதையில் 4 நிமிடமாகிவிடும். ஒரு கிராசிங்குக்கான பேச்சு மட்டுமே 16 நிமிடத்தை விழுங்கும். தூரத்தைச் சுருக்கலாம், கடிகாரத்தை முடுக்கலாம், பேச்சைச் சுருக்க வழியில்லை. ஆறேழு ரயில்கள் ஒரே நேரத்தில் வெளியே இருந்தால், ஒருவருக்கு வாரண்ட் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் ரேடியோவில் வரிசை கட்டிக் காத்திருப்பார்கள்.

பழைய முறையில் அதே கிராசிங்குக்கு ஒரு சொல்லும் தேவையில்லை. இருவரும் அட்டவணையைப் பார்க்கிறார்கள், கீழ்ப்பட்டவர் உரிய நேரத்துக்கு முன் ஒதுங்குகிறார், மேற்பட்டவர் கடந்து போகிறார், அவ்வளவுதான். ஆகவே வாரண்ட் முறையில் டிஸ்பேட்சரின் வேலை ரயில்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து வளர்கிறது. பழைய முறையில் ஒழுங்கு குலையும் அளவுக்கே வளர்கிறது. முதல் தர ரயில் ஒன்று 50 நிமிடம் தாமதம் என்று ஓர் ஆணை போட்டால் போதும், அதை எதிர்நோக்கி ஒதுங்கிக் கிடக்கும் சரக்கு ரயில்கள் அத்தனையும் தாமே கணக்கிட்டு அடுத்த நிலையத்துக்கு நகர்ந்துவிடும். சொல்வது ஒரு வாக்கியம், அதன் பலனைக் கணக்கிடுவது நான்கைந்து பேரின் மூளை.

எனக்கு இந்த முறை பிடித்துப்போனதும் இதனால்தான். லூப்பில் நிற்கும் சரக்கு ரயிலின் கண்டக்டர் கடிகாரத்தையும் அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்து, அடுத்த நிலையத்தை நேரத்துக்குள் எட்டி ஒதுங்க முடியுமா, பெட்டிகள் அங்குள்ள லூப்பில் அடங்குமா என்று தாமே முடிவு செய்கிறார். வாரண்ட் முறையில் இந்தச் சிந்தனை முழுவதும் டிஸ்பேட்சரின் மேசைக்குப் போய்விடுகிறது. ஓட்டுபவர் சொன்னதைச் செய்பவராகச் சுருங்கிவிடுகிறார்.

இதற்கு விலையும் உண்டு. முதல் விலை கடிகாரம். 1891இல் ஓஹையோவின் கிப்டனில் அஞ்சல் ரயிலோடு இன்னொரு ரயில் மோதியபின், ஒரு பணியாளரின் கடிகாரம் சில நிமிடம் நின்று ஓடியதே காரணமாகச் சொல்லப்பட்டது. அதையொட்டி வெப் பால் என்ற கிளீவ்லாந்து நகைக் கடைக்காரர் ரயில்வே கடிகாரங்களைச் சோதிக்கும் ஏற்பாட்டை உருவாக்கினார். மாதிரிப் பாதையிலும் எல்லா நிலையங்களிலிருந்தும் ஒரே நேரம் தெரியாவிட்டால் இந்த முறை நிற்காது. அட்டவணையை வகுப்பதும் பொறுமை கோரும் வேலை. இரண்டாவது விலை ஆள். டிஸ்பேட்சர் தவிர, ஆணைகளை எழுதித் தர ஆபரேட்டராக ஒருவராவது வேண்டும். நான்கைந்து பேர் மட்டுமே கூடும் வீட்டுப் பாதைக்கு வாரண்ட்டே பொருத்தம் என்பேன். 1980களுக்குப் பிந்திய காலத்தைக் காட்டும் பாதைக்கும் அப்படியே.

மூன்றாவது விலை பயிற்சி. வாரண்ட் படிவத்தைப் புதியவருக்குச் சில நிமிடங்களில் விளக்கிவிடலாம். பழைய முறையில் தரம், திசை, எக்ஸ்ட்ரா எல்லாம் மனதில் படியச் சில அமர்வுகள் வேண்டும். புதியவரை முன்னுரிமைத் திசையில் செல்லும் முதல் தர ரயிலில் அமர்த்துகிறோம். அவர் யாருக்கும் ஒதுங்க வேண்டியதில்லை. அட்டவணை நேரத்துக்கு முன் எந்த நிலையத்தையும் விட்டுப் புறப்படாமலிருப்பதும், கையில் வரும் ஆணையைப் படிப்பதுமே அவர் வேலை. மற்றவர்கள் தமக்காக ஒதுங்குவதைப் பார்த்துப் பார்த்தே விதிகள் விளங்கிவிடுகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வந்து ஓட்டுபவர்களிடம் இது பலிக்குமா என்பதைச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு அனுபவமில்லை. எங்களிடம் வருபவர்கள் தொடர்ந்து வருபவர்கள்.

பழைய முறையைத் தொடங்க விரும்பும் குழுக்கள், முதல் சில அமர்வுகளில் எண் பெற்ற ரயில்களை மட்டும், ஆணை எதுவும் இல்லாமல், அட்டவணைப்படி ஓட்டிப் பார்க்கலாம். எந்த நிலையத்தில் நேரம் போதவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். அட்டவணையைத் திருத்திய பின் எக்ஸ்ட்ராக்களைச் சேர்க்கலாம். அவை லூப்பில் நெடுநேரம் காத்துக் கிடப்பதைப் பணியாளர்களே கண்டு, ஏதாவது வழி செய்யுங்கள் என்று டிஸ்பேட்சரைக் கேட்கத் தொடங்கும்போது ஆணைப் படிவங்களை வெளியே எடுத்தால் போதும்.